பச்சோந்திகள் சாலை கடக்கும் இடத்தில் வேகத்தடை கோரி மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்ட வன அலுவலர் அவர்கள்

பார்வை: ஆவணியிலும் புரட்டாசியிலும் நேரில் கொடுத்த மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

அய்யனார் கோயில் வளைவு தாங்கள் அறிந்த இடம்தான். போன வருஷம் மரக்கன்று நட வந்தீர்கள். சாலைக்கு மேற்கே உடைமரங்கள், கிழக்கே கண்மாய்க்கரையின் ஈரமண்.

1. அந்த உடைமரங்களில் பச்சோந்திகள் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் உண்டென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2. மரத்தை விட்டு அதிகம் இறங்காத உயிர் இது. முட்டையிடத்தான் பெட்டை தரைக்கு வருகிறது. மண்ணில் குழி தோண்டி, இட்டு, மூடிவிட்டுத் திரும்பும். அதன் பாதமோ கிளையைக் கவ்வும் இடுக்கி. ஐந்து விரலும் இரண்டும் மூன்றுமாக ஒட்டியிருக்கும். ஓட வராது. ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, பிறகுதான் வைக்கும். கிளையில் இருந்தால் காற்றில் ஆடும் இலை என்று நினைத்துப் பருந்தும் ஏமாறும். தார்ச்சாலையில் அந்த நடையே எமன். லாரி வந்தால் விலகாது ஐயா, உடம்பை உப்பி, வாயைப் பிளந்து சீறும். லாரியைப் பார்த்து! போன செவ்வாய்க்கிழமை ஒன்று நசுங்கிக் கிடந்தது. வயிறு கிழிந்து வெள்ளை முட்டைகள் தாரோடு ஒட்டியிருந்தன. எண்ணினேன், 17. காக்கை தின்றது போக 17.

3. தப்பினால் கல்லடி. கடித்தால் விஷமாம். விஷமே கிடையாது. ஆளைத் திட்ட மட்டும் அதன் பெயர் வேண்டியிருக்கிறது! இடத்துக்குத் தக்கபடி நிறம் மாற்றுகிறது என்பதும் முழு உண்மையில்லை. வெயில், பயம், கோபம் இவற்றுக்கும் மாறும். ஒன்றைத் துண்டில் பிடித்து அக்கரை சேர்த்தேன். பச்சை போய்க் கறுத்துவிட்டது, பாவம்.

4. கேட்பது இரண்டே வேகத்தடை. நெடுஞ்சாலைத் துறைக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது, இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ரசீதை நடுச்சாலையில் ஒட்டினால் லாரி நிற்குமா?

5. வேகத்தடை ஐயா. இந்த ஐப்பசிக்குள்.

பார்வையிட வருவதானால் காலை ஆறரைக்குள் வாருங்கள், நானும் வருகிறேன். அதற்குப் பிறகு வந்தால் காக்கைகள் ஒன்றும் மிச்சம் வைத்திருக்காது.

இப்படிக்கு,
கண்மாய்க்கரைத் தெருவாசி