பெய்ஜிங்கில் இருக்கும் மகளுக்கு, நிலா விஷயமாக

அன்புள்ள பாப்பா,

நிலாத் திருவிழாவுக்கு ஆபீஸில் பெட்டி நிறைய மூன்கேக் பலகாரம் கொடுத்தார்கள், கூடவே நிலாவில் இருக்கும் சாங் இ என்பவளின் கதையும் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே. புருஷனுடைய கெட்ட சீடன் கையில் சிக்கக்கூடாதென்று சாகாமருந்தை அவளே விழுங்கி நிலாவுக்குப் பறந்துவிட்டாள், புருஷன் ஹோ யி முற்றத்தில் அவளுக்குப் பிடித்த பழங்களை வைத்துப் படைத்தான், அதுதானே? நல்ல கதைதான், ஆனால் பிற்பாடு மெருகேற்றியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு ஹுவாய்நான்சி நூலில் விஷயம் ரொம்பச் சுருக்கம். மேற்கின் அரசித்தாய் என்ற தெய்வத்திடம் அவன் வாங்கி வந்த மருந்தை அவள் திருடிக்கொண்டு நிலாவுக்கு ஓடிவிட்டாள், அவன் மனமொடிந்து போனான், அவ்வளவுதான். இன்னொரு பழைய நூலில் அவள் அங்கே போய்த் தேரையாகிவிடுகிறாள்! சாங்ஷா பக்கத்தில் மாவாங்துயி கல்லறையை 1972இல் தோண்டியபோது கிடைத்த பட்டுத்துணியில் பிறையின் மேல் தேரையும் முயலும் இருக்கின்றன, படத்தைத் தேடிப் பார். திருடி என்று சொல்லிக்கொண்டே வருஷா வருஷம் அவளுக்குப் படையல் போட மனசு வராமல்தான் அந்தச் சீடனைக் கதைக்குள் இழுத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தாவோ மதத்தில் நிலாவுக்கான சாமி தாயின் சிங்ஜுன். சூரியன் யாங், அதாவது ஆண்பால்; நிலா யின், அதாவது பெண்பால். அதனால் ஆண்கள் நிலாவைக் கும்பிடக் கூடாது, பெண்கள் அடுப்புச்சாமியைக் கும்பிடக் கூடாது என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டமெல்லாம் சாதாரண வீட்டு ஆம்பிளைக்குத்தான். சக்கரவர்த்தி ஜியாஜிங் 1530இல் பெய்ஜிங் நகரத்துக்கு மேற்கே நிலாவுக்கென்றே ஒரு பலிபீடம் கட்டினார், இலையுதிர்காலச் சம இரவு நாளில் அங்கே அரச பூஜை நடந்தது. இப்போது அது யுவேதான் பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா.

பழைய பெய்ஜிங் வீடுகளில் சீன எட்டாம் மாதப் பௌர்ணமியான நிலாத் திருவிழாவுக்கு அச்சடித்த காகிதம் ஒன்றை வைத்துக் கும்பிடுவார்களாம். மேலே நிலாச்சாமி, கீழே நிலா அரண்மனை, அதில் மனுஷன் மாதிரி எழுந்து நின்று உரலில் மருந்து இடிக்கும் முயல். தர்ப்பூசணியைத் தாமரை இதழ் போல வெட்டி வைப்பார்கள், முயலுக்கென்று தனியாகப் பச்சை சோயாவைக் கொத்தோடு வைப்பார்கள், பூஜை முடிந்ததும் காகிதத்தைக் கொளுத்திவிடுவார்கள். இங்கே நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள், அங்கே முயல் மருந்து இடிக்கிறது, இரண்டு ஊரிலும் மேலே யாருக்கும் ஓய்வில்லை.

அந்த முயலைத்தான் தூஅர்யே என்று களிமண் பொம்மையாகச் செய்கிறார்கள். ஊரில் கொள்ளைநோய் வந்தபோது முயல் கீழே இறங்கி வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்ததாம். போட்டுக்கொள்ளத் துணியில்லாமல் கோயில்களில் இரவல் வாங்கியதால் சில வீடுகளுக்கு ஆணாகவும் சில வீடுகளுக்குப் பெண்ணாகவும் போயிற்றாம். பொம்மைக்குப் போர்க்கவசம், முதுகில் கொடி, சவாரிக்குப் புலி. சீன முயல் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வா, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வை, இல்லாவிட்டால் காது உடைந்துவிடும்.

அப்புறம் யுவே லாவ் என்று ஒரு கிழவர் இருக்கிறார், நிலாவொளியில் உட்கார்ந்து யாருக்கு யார் என்று சிவப்பு நூலால் காலோடு கால் முடிச்சுப் போடுகிறவர். அவரைப் பற்றி நான் ஆரம்பித்தால் நீ போனைக்கூட எடுக்க மாட்டாய், அப்பாவும் வேண்டாம் என்கிறார், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அம்மா