ஏலத்தில் கேட்ட விலையெல்லாம் விற்பனை அல்ல: பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி தலைவருக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஐபிஓ-வுக்கு, அதாவது முதல் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு வரும் நிறுவனங்கள் தங்கள் முக்கிய வணிக அளவீடுகளைச் சான்றோடு காட்ட வேண்டும் என்று 2022-இல் விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. ஆனால் இணைய ஏல நிறுவனங்கள் விஷயத்தில் அது போதாது. எதை எப்படி எண்ணுவது என்பதை நிறுவனமே எழுதிக்கொள்கிறது.

தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி பறிமுதல் செய்த கார் ஒன்று ஏலத்துக்கு வருகிறது, அதிகபட்சமாகக் கேட்ட விலை 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதிக்க வேண்டும். கேட்டவர் கெடுவுக்குள் முழுப் பணம் கட்ட வேண்டும். விலை போதாது என்று அவர்கள் மறுப்பதும், வண்டியை நேரில் பார்த்தபின் இவர் டெபாசிட் போனால் போகட்டும் என்று ஒதுங்குவதும் நடக்கிற கதைதான். கார் மறுபடி ஏலத்துக்கு வரும். மூன்று முறை வந்தால், பட்டியலில் மூன்று வண்டி. கேட்ட விலைகளைக் கூட்டினால் 12 லட்சம். கைமாறிய வண்டி ஒன்றுகூட இல்லை.

விற்றாலும் சிக்கல் தீராது. 2 சதவீதக் கமிஷன் என்றால் ஏல நிறுவனத்தின் வருமானம் 8,000 ரூபாய். அதே காரை ஏல நிறுவனம் முதலில் தானே வாங்கி விற்றால் 4 லட்சமும் வருமானம். மிஞ்சும் லாபம் ஏறக்குறைய அதேதான், வண்டி தேங்கினால் நஷ்டமும் அதன் தலையில். இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் விதி இரண்டையும் பிரிக்கிறது. ஆனால் முதல் முறையிலிருந்து இரண்டாவதற்கு மாறும் நிறுவனம், ஒரு வண்டி கூடுதலாக விற்காமலே 50 மடங்கு வளர்ந்ததாகத் தெரியும்.

அமெரிக்க இணைய ஏல நிறுவனமான இபே 1998 செப்டம்பரில் 18 டாலருக்கு வெளியிட்ட பங்கு, முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது. அப்போதே லாபம் பார்த்த நிறுவனம் அது. ஆனாலும் 2005 ஜனவரியில் காலாண்டு லாபம் எதிர்பார்ப்பைவிடப் பங்குக்கு ஒரே ஒரு சென்ட் குறைந்ததும், ஒரே நாளில் பங்கு விலை சுமார் 19 சதவீதம் சரிந்தது. சீனாவில் ஈச்நெட் என்ற ஏலத் தளத்தை வாங்க இபே 18 கோடி டாலர் கொட்டியது; பட்டியல் கட்டணமே வாங்காத போட்டித் தளமான தாவ்பாவ் பக்கம் விற்பவர்கள் போக, வாங்குபவர்களும் பின்னாலேயே போனார்கள். 'பதிவு செய்த பயனர்' எண்ணிக்கை இதைக் காட்டாது. போனவர் பெயரை யாரும் அடிப்பதில்லை.

ஆகவே ஒரே அட்டவணை கேளுங்கள், காலாண்டு வாரியாக: ஏலத்துக்கு வந்தவை, சம்மதம் கிடைத்தவை, முழுப் பணம் வந்தவை, மறுபடி ஏலத்துக்குத் திரும்பியவை. ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாளமான சேஸிஸ் எண்ணை ஒரு முறைதான் எண்ண வேண்டும். பணம் வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் கமிஷன் எவ்வளவு, முதல் ஐந்து ஃபைனான்ஸ் கம்பெனிகளிடமிருந்து வரும் வண்டிகள் எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். அந்த ஐந்தில் ஒரு கம்பெனி சொந்த ஏலத் தளம் தொடங்கினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

விவரம் திரட்டுவது கடினம் என்பார்கள். எந்த வண்டி என்று சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்காமல் யார்டிலிருந்து வெளியே விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
இணைய ஏலத் தொழிலைக் கவனித்துவரும் சிறு முதலீட்டாளர்கள்