பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசி வந்தால் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே படம்தான். கடலில் பால் ஊற்றும் ஒரு பாட்டி, பின்னால் மெழுகுவர்த்தி பிடித்த பிள்ளைகள், ஓரத்தில் மாலையோடு வெள்ளை வேட்டியில் யாராவது ஒருவர். நானும் அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது நின்றிருப்பேன். 2004 சுனாமியில் அக்காவைப் பறிகொடுத்தவன் நான். அன்று ஞாயிற்றுக்கிழமை, படகுகள் கரைக்கு வரும் நேரம், மீன் எடுக்கக் கூடையோடு போனாள். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் போனார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஏலம் நடக்கும் இடத்தில் யார் நிற்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருப்பது, செத்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழுவது, இதெல்லாம் எங்களுக்கு வேண்டும். ஆனால் போன வருடம் ஒன்று நடந்தது, அதிலிருந்து மனசு சரியில்லை. என் தம்பி மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வருடா வருடம் அத்தை பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் அவள்தான். கரையிலிருந்து திரும்பும்போது சும்மா கேட்டேன், "இப்ப அலை வருதுன்னு சொன்னா எங்கே ஓடுவே?" கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வீட்டுக்குத்தான் பெரியப்பா" என்றாள். அவள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நாம் அவளுக்கு அழுகையைச் சொல்லிக் கொடுத்தோம், ஓடுவதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தோனேசியாவில் சிமுலுவே என்று ஒரு தீவு. 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் ஒன்று, பத்து நிமிடம் போல ஆவதற்குள் அலை வந்துவிட்டது. எந்த எச்சரிக்கைக் கருவியும் அங்கே கிடையாது. அப்போது தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள், இறந்தது 7 பேர். எப்படி? 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. பிழைத்தவர்கள் தூண் எதுவும் கட்டிவைத்துவிட்டுப் போகவில்லை. "ஸ்மோங்" என்று ஒரு சொல்லை விட்டுப் போனார்கள். பெரிதாகப் பூமி ஆடினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு என்பதை அந்த ஒரு சொல்லுக்குள் வைத்துத் தாலாட்டிலும் கதையிலும் பேரப் பிள்ளைகள் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட 100 வருடம் கழித்து அந்தச் சொல் வேலை செய்தது. யாரோ ஒருவர் "ஸ்மோங்!" என்று கத்த, ஊரே மலைக்கு ஏறிவிட்டது. 1907இல் செத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரால் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நமக்கு மலையும் இல்லை, சுமத்ராவில் பூமி ஆடினால் நமக்குப் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. அலை வருவதற்கு முன்னால் கடல் உள்வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் நமக்கு அவர்களுக்கு இல்லாத ஒன்று உண்டு, நேரம். அன்று காலை 6.28க்கு அங்கே பூமி ஆடியது, அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகும்வரை அக்கா வீட்டிலும் வாசலிலும்தான் இருந்தாள், சொல்ல ஆள் இல்லை. இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இருக்கிறது, சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் மறுபடி பெரிதாக ஆடியபோதும் சொன்னார்கள். அன்று எங்கள் ஊரில் பாதிப் பேர் மேற்கே ஓடினோம், மீதிப் பேர் அலை வருகிறதா பார்க்கலாம் என்று கரைக்குப் போனார்கள். நல்ல வேளை, பெரிய அலை வரவில்லை.

எங்கள் தெரு முனையில், ஓட வேண்டிய திசையைக் காட்ட அம்புக்குறி போட்ட பலகை ஒன்று உண்டு. அதன் மேல் இப்போது ஒரு மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர், அதற்கு மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி. கிழித்துப் பார்த்தால் அம்புக்குறி காட்டும் சந்தில் புதிதாகச் சுற்றுச்சுவர் எழுந்திருக்கிறது. பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது, பூட்டி இருக்கிறது, சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் வேறு வேறு ஆளைச் சொன்னார்கள். நம் அளவுக்கு அடி வாங்காத ஒடிசாவில் 2020லேயே இரண்டு கிராமங்கள் யுனெஸ்கோவின் சுனாமி தயார்நிலை அங்கீகாரம் வாங்கிவிட்டன. அதற்கு 12 நிபந்தனைகள்: ஊருக்கு வெளியேறும் வரைபடம் வேண்டும், பலகை வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும், இப்படி. எதுவும் கோடிக்கணக்கில் செலவாகிற காரியம் இல்லை, நினைவுத் தூணுக்கு டைல்ஸ் மாற்றுகிற செலவுகூட ஆகாது என்று நினைக்கிறேன்.

அதனால் கடற்கரைப் பஞ்சாயத்தார்களுக்கும் அதிகாரிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். வரும் டிசம்பர் 26 அன்று பால் ஊற்றி முடித்ததும் மைக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். கூடியிருக்கும் அத்தனை பேரும், ஊரிலேயே வயதான பாட்டியை முன்னால் விட்டு, கரையிலிருந்து பாதுகாப்புக் கட்டடம் வரை நடக்கட்டும். கட்டடம் அன்றைக்காவது திறந்திருக்கட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று பிள்ளைகள் குறித்துவைக்கட்டும்.

நான் அம்மாவோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டேன். அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக 26 நிமிடம் ஆனது. நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், "நீ போப்பா, நான் மெதுவா வர்றேன்" என்று.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்