பழைய ஹாஸல்பிளாடுக்கு எந்த டிஜிட்டல் பேக்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஓய்வு பெற்றதும், கையோடு அந்த ஹாஸல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமராவைத் தூசி தட்டி வெளியே எடுத்ததும் ஒரே கடிதத்தில் வந்ததில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கண்புரை எடுத்த பிறகு கேமராவின் கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கும் ஸ்கிரீன்) மறுபடி பளிச்சென்று தெரிகிறது. அதனால் எனக்கும் கேமராவைத் தூக்கும் ஆசை கூடியிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கேமராவின் பின்னால் ஃபிலிம் மேகசினுக்குப் பதிலாக மாட்டும் டிஜிட்டல் பேக் பற்றித்தான். ஃபேஸ் ஒன் பி45+ வாங்கலாமா, ஹாஸல்பிளாடின் சிஎஃப்வி II 50சி வாங்கலாமா, 39 மெகாபிக்சல் போதுமா, 50 வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். மெகாபிக்சல் கணக்கை இப்போதைக்கு ஓரமாக வை. ஷட்டர் எப்போது திறக்கிறது என்று பேக்குக்கு யார் சொல்வது? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

உன் பாடியில் மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. பட்டனை அழுத்தியதும் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் மூடுகிறது, அப்பர்ச்சர் சுருங்குகிறது, மிரர் மேலே போகிறது, பின்னாலுள்ள இரண்டு கதவுகளும் திறக்கின்றன. அதற்குப் பிறகுதான் லென்ஸ் ஷட்டர் ஒருமுறை திறந்து மூடுகிறது. எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் செய்யும் வேலை. சிஎஃப்வி வரிசை பேக்குகள் பாடியின் அந்த இயந்திர அசைவையே பிடித்துக்கொள்வதால் உன் கேமராவுக்குக் கேபிள் தேவையில்லை. பி45+ அப்படியில்லை. லென்ஸின் ஃபிளாஷ் சாக்கெட்டிலிருந்து பேக்குக்கு, ஷட்டர் திறக்கும் நேரத்தைச் சொல்ல, ஒரு சிங்க் கேபிள் போட்டாக வேண்டும்.

நான் கொஞ்ச காலம் அப்படிக் கேபிளோடுதான் வேலை செய்தேன். லென்ஸில் சாக்கெட் தேய்ந்து லூசாகிவிட்டது. ஷட்டர் சத்தம் கச்சிதமாகக் கேட்கும், பேக்கில் படம் இருக்காது. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் கேபிளையும் கழற்றி மாட்ட வேண்டும். இன்னொன்று, உன்னுடையது பழைய ‘சி’ லென்ஸ் என்பதால் அதன் பக்கவாட்டில் வி, எக்ஸ், எம் என்று ஒரு சின்ன லீவர் இருக்கும். கேபிள் போட்டால் அது எக்ஸில்தான் இருக்க வேண்டும். எம் என்பது ஃபிளாஷ் பல்பு காலத்து ஏற்பாடு. அதில் முதலில் சிக்னல் போகும், ஷட்டர் சற்றுப் பிந்தித் திறக்கும், பேக்கின் நேரமும் ஷட்டரின் நேரமும் ஒத்துவராது.

பி45+ஐ நான் மட்டம் தட்டவில்லை. அதன் சிசிடி சென்சார் தரும் நிறம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரு மணி நேரம் வரை எக்ஸ்போஷர் கொடுக்கலாம். ஆனால் அதன் பிறகு நாய்ஸை, அதாவது படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை, கழிக்க அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். கணினியோடு இணைக்க ஃபயர்வயர் வேண்டும், இப்போதைய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. வாங்குவதாக இருந்தால் எந்த மவுண்ட் (கேமராவில் மாட்டும் அமைப்பு) என்று கேட்காமல் காசைக் கொடுத்துவிடாதே. ஒரே பேக் ஹாஸல்பிளாட் வி (உன் 500சி/எம் இந்த வரிசைதான்), ஹாஸல்பிளாட் எச், மாமியா 645 ஏஎஃப்டி, கான்டாக்ஸ் 645 என்று தனித்தனி மவுண்டில் வந்தது. எச் மவுண்டும் ஹாஸல்பிளாட்தானே என்று நினைத்துவிடாதே. 2002-இல் வந்த எச்1 முற்றிலும் வேறு கேமரா, அதன் பேக் உன் பாடியில் உட்காரவே உட்காராது.

அப்புறம் சென்சார் அளவு. ஃபிலிமில் உனக்குக் கிடைத்தது 56க்கு 56 மி.மீ. சதுரம். 50சி சென்சார் 43.8க்கு 32.9 தான். மூலைவிட்டத்தை வைத்துப் பார்த்தால் சுமார் 1.45 மடங்கு வித்தியாசம். உன் 80 மி.மீ. பிளானர் லென்ஸ் இனி 116 மி.மீ. லென்ஸ் போல நெருங்கிப் பார்க்கும். பழைய 80-இன் பார்வை வேண்டுமென்றால் 50 மி.மீ. டிஸ்டகான் லென்ஸைத் தேட வேண்டியிருக்கும். சதுரமாக வெட்டினால் இன்னும் குறுகும். செங்குத்துப் படம் எடுக்கக் கேமராவைச் சாய்த்தால் இடுப்பளவில் குனிந்து பார்க்கும் ஃபைண்டர் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், அதற்குக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பிரிசம் ஃபைண்டர் வேண்டும். உருவப்படம் எடுக்கும் உனக்கு இது பெரிய விஷயம், நன்றாக யோசி.

எதை வாங்கினாலும் முதலில் பாடியைச் சர்வீஸுக்குக் கொடு. மிரருக்கு அடியில் உள்ள ஃபோம் வயதானால் பொடிந்துவிடும், மிரர் மயிரிழை கீழே இறங்கும், ஸ்கிரீனில் கூர்மையாகத் தெரிவது படத்தில் வேறெங்கோ விழும். ஃபிலிமில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது. சென்சாரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் இமை மங்கி, காது கூர்மையாக இருக்கும். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, எஃப்2.8-இல் எடுத்துப் பார். கோடு தள்ளி விழுந்தால் பேக்கைக் குறை சொல்லாதே, மிரரையும் ஸ்கிரீனையும் பார்க்கச் சொல். 50சி சென்சார் சிமாஸ் வகை என்பதால் லைவ் வியூ (சென்சாரில் விழுவதை அப்போதே பேக்கின் திரையில் பார்ப்பது) இருக்கிறது. ஷட்டரை ‘பி’-யில் வைத்து, பட்டனுக்குப் பக்கத்து லீவரை ‘டி’-க்குத் தள்ளித் திறந்தே வைத்தால் முக்காலியில் நிதானமாக ஃபோகஸ் பார்க்கலாம்.

என் ஓட்டு 50சி-க்குத்தான். 1957 முதல் வந்த வி வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் அது பொருந்தும். நாளை ஹாஸல்பிளாடின் சிறிய டிஜிட்டல் பாடியான 907எக்ஸ் வாங்கினால் அதே பேக்கை அதிலும் மாட்டிக்கொள்ளலாம். ஃபிலிம் மேகசினை மட்டும் விற்றுவிடாதே. ஒரே லென்ஸ், ஒரே பாடி, காலையில் ஃபிலிம், மதியம் டிஜிட்டல் என்று மாற்றிக்கொள்ளும் வசதி வேறு எந்தப் புதுக் கேமராவில் இருக்கிறது?

ஸ்கேல் படத்தை எடுத்ததும் சுருக்காமல் முழு ஃபைலாகவே அனுப்பு. இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்