ஹோல்ஸ்டர் மாதிரி வரைபவர்களுக்கு: தோலின் கனத்தையும் எழுதுங்கள்

தோல் வேலைக்கான வெட்டு மாதிரிகளை வரைந்து விற்பவர்களுக்கும், இலவசமாகப் பகிர்பவர்களுக்கும்,

வணக்கம். மூடி வைத்த ஹோல்ஸ்டர் (மேலே மடிந்து மூடும் துப்பாக்கி உறை) தைக்க நினைக்கும் பலர் உங்கள் தாளை நம்பித்தான் கத்தியை எடுக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். உங்கள் கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, வளைவுகள் அழகாக இருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கனமுள்ள தோலுக்கு வரைந்தீர்கள் என்பது மட்டும் பெரும்பாலான தாள்களில் எங்கேயும் இருப்பதில்லை. பர்ஸ் மாதிரியில் இது விட்டுப்போனால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மூடி வைத்த ஹோல்ஸ்டரில் ஒப்பேற்ற முடியாது.

ஏன் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். மூடி பின்பக்கத் தோலிலிருந்து கிளம்பி, கைப்பிடியின் மேல் வளைந்து, முன்பக்கத் தோலின் மேல் வந்து படிகிறது. கைப்பிடியின் தடிமன் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த வளைவை அரைவட்டமாக எடுத்துக்கொண்டால், தோலின் நடுக்கனத்தில் அளந்த நீளம், கைப்பிடித் தடிமனில் பாதியோடு தோலின் கனத்தைக் கூட்டி பை (π, சுமார் 3.14) என்ற எண்ணால் பெருக்கினால் வரும். 2 மி.மீ. தோலுக்கு அது சுமார் 53 மி.மீ.; 3.5 மி.மீ. தோலுக்கு சுமார் 58 மி.மீ. கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடியது, மூடியோ கிட்டத்தட்ட 5 மி.மீ. போதாமல் போகிறது. மூடியை மாட்டும் முன்பக்கக் குமிழ் ஒரு இடத்தில், அது நுழைய வேண்டிய மூடியின் ஓட்டை வேறொரு இடத்தில். இழுத்துப் பிடித்து மாட்டினால் மாட்டும். ஆனால் மூடி மேலே விறைத்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் முன்பக்கம் பிதுங்கும்.

தையல் கோட்டுக்கும் இதே கதைதான். துப்பாக்கியின் உருவத்தைத் தாளில் வரைந்ததும், அதற்கு வெளியே துப்பாக்கியின் தடிமனில் பாதியும் தோலின் கனமும் சேர்த்துத் தள்ளி தையல் கோடு போடுவது நம் வேலையில் தெரிந்த வழி. மடிப்புக் கோட்டிலிருந்தும் உருவத்தை அதே அளவுக்குத் தள்ளி வைக்க வேண்டும். பலர் இந்தப் பக்கத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். 24 மி.மீ. தடிமனுக்கு, 2 மி.மீ. தோலில் 14, 3.5 மி.மீ. தோலில் 15.5. இது தொடக்கக் கணக்குதான். விசைக் காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) இருக்கும் இடத்தில் குறைத்து இறுக்கலாம், குழல் முனையில் கொஞ்சம் தாராளமாக விடலாம். அந்த முடிவை எங்களிடம் விடுங்கள். ஆனால் எந்த எண்ணிலிருந்து கிளம்பினீர்கள் என்று தெரியாமல் நாங்கள் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

அதனால்தான் கேட்கிறேன்: வெளிக்கோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். துப்பாக்கியின் உருவத்தை மெல்லிய கோடாகவும், மடிப்புக் கோட்டைப் புள்ளிக் கோடாகவும், தையல் கோட்டைத் தனியாகவும் போட்டு, அதற்கு வெளியே ஓரத்துக்கு எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதுங்கள். நடுவில் ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்கும் வடிவம் என்றால் அந்தப் பட்டையின் கனத்தையும் எழுதுங்கள். அது விசைக் காப்பு தையலில் உரசாமல் காக்கிறது, கூடவே உள்ளே இடத்தையும் அகலமாக்குகிறது. பட்டை வைத்த மாதிரியைப் பட்டை இல்லாமல் தைத்தால் துப்பாக்கி பாதியிலேயே நின்றுவிடும்.

தோலை அவுன்ஸில் எழுதுபவர்கள் தயவுசெய்து மி.மீ.யையும் பக்கத்தில் போடுங்கள். ஒரு அவுன்ஸ் என்பது ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மி.மீ. அப்படியானால் 8–9 அவுன்ஸ் என்பது 3.2 முதல் 3.6 மி.மீ. வரை. அந்த இடைவெளியே மூடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும்.

அடுத்தது குமிழின் இடம். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். மூடியின் ஓட்டையையும் முன்பக்கக் குமிழையும் இரண்டு புள்ளிகளாகத் தாளில் குறித்து, "இங்கே பஞ்ச் செய்யவும்" என்று எழுதுவது பாதிப் பேரைக் கவிழ்க்கும் வேலை. தாவரப் பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து உருவம் கொடுத்துக் காயவிட்டால் அது கொஞ்சம் சுருங்கும், மூடியின் வளைவும் அப்போதுதான் நிலைக்கும். அதற்கு முன்னால் போட்ட ஓட்டை வெறும் ஊகம். மூடியை உருவாக்கிக் காயவைத்து, உள்ளே துப்பாக்கியின் போலி உருவத்தை வைத்து மூடிப் பார்த்து, அப்புறம் குறிப்பதுதான் சரி. தாளில் புள்ளிக்குப் பதில் ஒரு சின்ன நீள்வட்டம் போட்டு "காய்ந்த பிறகு இதற்குள் குறிக்கவும்" என்று எழுதினால் போதும். ஓட்டை குமிழின் கழுத்தளவுக்கு இருக்கட்டும், தலை நுழைய ஒரு கீறல் இருக்கட்டும். கீறல் எந்தத் திசையில் என்பதையும் காட்டுங்கள். மூடி விறைத்து இழுக்கும்போது குமிழ் அழுந்தும் பக்கமாகவே கீறல் நீண்டால், நாளடைவில் குமிழ் தானாகக் கழன்றுவிடும்.

அச்சிடும் அளவு பற்றிப் பலரும் பேசியாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். லெட்டர் (அமெரிக்க அளவு) தாளில் வரைந்ததை ஏ4 தாளில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று அச்சிட்டால் அகலத்துக்காகவே 97 சதவீதமாகச் சுருங்கும். 240 மி.மீ. நீளம் சுமார் 233 ஆகிவிடும். ஏ4-ஐ லெட்டரில் பொருத்தினால் இன்னும் மோசம், 94 சதவீதம்தான். தாளின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் 25 மி.மீ. கட்டத்தில் 3 சதவீதப் பிழை என்பது முக்கால் மில்லிமீட்டர், கண்ணுக்குப் பிடிபடாது. 100 மி.மீ. கோடு போடுங்கள், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

பழைய ராணுவ உறைகளைப் பார்த்து வரைபவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்க எம்1916 உறையாகட்டும், லூகர் பி08 கைத்துப்பாக்கிக்கான ஜெர்மன் உறையாகட்டும், ஆசை வருவது இயல்பு. பி08 உறையில் உபரி மேகசினுக்கு (குண்டுகளை அடுக்கும் பெட்டி) ஒரு பை, மூடிக்குள்ளே கருவிக்கு ஒரு சிறு பை, துப்பாக்கியை மேலே தூக்கிவிட ஒரு இழுவார் என்று எல்லாவற்றையும் எவ்வளவு நுணுக்கமாகச் சேர்த்திருக்கிறார்கள்! ஆனால் பல பத்தாண்டுகள் பழைய உறையைத் தாளில் வைத்துக் கோடு இழுத்தால் கிடைப்பது, இழுபட்டு, சுருங்கி, ஒரு பக்கம் சாய்ந்துபோன தோலின் அளவு. புதிதாக வெட்டியபோது இருந்த அளவு அது இல்லை. அப்படி எடுத்த மாதிரி என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கியின் பெயர் மட்டும் எழுதினால் போதாது. ஒரே பெயரில் குழல் நீளம் வேறுபடும், பார்வைக்குறியின் (குறிபார்க்க மேலே நிற்கும் முனை) உயரம் வேறுபடும், கைப்பிடித் தகடு மாற்றியிருப்பார்கள். குழல் நீளம், அதிகபட்சத் தடிமன், கைப்பிடித் தடிமன் ஆகிய மூன்று எண்ணும் தாளில் இருந்தால் வாங்குபவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார்.

தோலின் எந்தப் பக்கம் மேலே, முதுகெலும்புத் திசை எது என்று ஒரு அம்புக்குறியும் வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். அதிலிருந்து மூடியோ பெல்ட் வாரோ வெட்டினால் சில மாதங்களில் தொங்கிவிடும். இடது கைக்காரர்கள் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். திருப்பினால் எழுத்தெல்லாம் அடியில் போய்விடும், மேல்பக்கம் எது என்பதில் குழப்பம் வரும். தனியாக ஒரு தாள் கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய வேலை எதுவுமில்லை.

பாதுகாப்புக்கு நாலு வரி போதும், ஆனால் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அளவெடுக்கவும் நனைத்த தோலை உருவாக்கவும் போலி உருவத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள். உண்மையான துப்பாக்கிதான் என்றால் குண்டு இல்லை என்று உறுதி செய்த பிறகே, அதுவும் பிளாஸ்டிக் தாள் சுற்றி. விசைப் பகுதி முழுக்க மூடியிருக்க வேண்டும், மூடியின் உள் ஓரமோ தளர்ந்த வாரோ விசைக்குள் போக வழி இருக்கக் கூடாது. குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது) வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். அதில் தங்கும் உப்புகள் உலோகத்தை அரிக்கக்கூடும், உருவமும் நிற்காது.

ஏற்கெனவே விற்றுவிட்ட மாதிரிகளை எல்லாம் திரும்ப வரையச் சொல்லவில்லை. ஒரு பக்கத் திருத்தத் தாள் போதும்: தோலின் கனம், ஓர அளவு, துப்பாக்கியின் மூன்று எண்கள், குமிழுக்கு மேலே சொன்ன குறிப்பு. முன்பு வாங்கியவர்களுக்கும் அதை அனுப்பிவையுங்கள். நேரம் இல்லையென்றால் முதலில் கனத்தை மட்டுமாவது அனுப்புங்கள், மற்றதை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மாதிரிகளை வாங்கித் தைக்கும் ஒருவன்