பினாங்கிலிருந்து அண்ணனுக்கு: அவசரப் பிரிவு பில்லைப் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மருமகன் பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல் வேலைக்கு வருவதும், தீபாவளியை ஒட்டி அம்மா இங்கே வந்து தங்கப்போவதும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. "திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே என்ன செலவாகும்?" என்று போனில் கேட்டீர்கள். நான் பில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கெல்லாம் இந்த ஊர் வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், எழுதியிருக்கிறேன். அன்றைய மாற்று விலைப்படி ரூபாயில் பெருக்கிப் பாருங்கள்.

"மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிதானே" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வெள்ளி இந்த நாட்டுக் குடிமக்களுக்கு. வெளிநாட்டவருக்கு 2014-இல் வந்த கட்டண ஆணைப்படி, 2015 முதல் படிப்படியாக உயர்த்தி, மானியம் இல்லாத கட்டணம் ஆக்கிவிட்டார்கள். வார்டில் சேர்க்க முன்பணமும் உண்டு. மூன்றாம் வகுப்பு வார்டுக்கே, அறுவை இல்லாத நோய் என்றால் 1,400 வெள்ளி, அறுவை என்றால் 2,800. பில் அதற்கு மேல் போனால் மீதியையும் கட்ட வேண்டும். ஆனாலும் தனியாரோடு ஒப்பிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிதான் குறைவு, பெரிய அவசரத்துக்குத் தேவையான டாக்டர்களும் கருவிகளும் அங்கே இருக்கின்றன. பினாங்குத் தீவில் இருந்தால் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள ஜெனரல் ஆஸ்பத்திரி, பட்டர்வொர்த் பக்கம் என்றால் செபராங் ஜெயா ஆஸ்பத்திரி. மருமகன் இந்த இரண்டு பெயரையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, நிற்காத ரத்தம் என்றால் பணத்தைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டியதுதான். அரசாங்க அவசரப் பிரிவில் நோயாளியை முதலில் பார்த்து நோயின் தீவிரத்தைப் பொறுத்து வகை பிரிப்பார்கள்: சிவப்பு உயிருக்கு ஆபத்து, மஞ்சள் அடுத்தது, பச்சை காத்திருக்கக்கூடியது. சிவப்பில் போனவருக்கு வைத்தியம் முதலில், பணப் பேச்சு பிறகு. பச்சை கிடைத்தவர் மணிக்கணக்கில் உட்கார நேரும். அந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல்தான் பலர் எழுந்து எதிர்த்தாற்போல் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பில் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான். ராத்திரி சாதாரண வயிற்றுப்போக்கு, சின்ன வெட்டு, தொண்டை வலி என்றால் 24 மணி நேர கிளினிக் போதும், கணிசமாகக் குறையும்.

தனியார் அவசரப் பிரிவின் பில் எப்படி வளர்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். சமையல்காரருக்குக் கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வரி. அவசரப் பிரிவைப் பயன்படுத்தியதற்கு ஒரு வரி. டாக்டர் பார்த்ததற்கு ஒன்று, ராத்திரியோ ஞாயிறோ பெருநாளோ என்றால் அது கூடும். புண்ணைக் கழுவிக் கட்டியதற்கு ஒன்று. டெட்டனஸ் மருந்துக்கு ஒன்று, அதைக் குத்தியதற்கு இன்னொன்று. பிறகு சலைன், கையுறை, பஞ்சு, சிரிஞ்சு, டிரஸ்ஸிங் செட். கடைசியில் களிம்பு, வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக். நிபுணர் டாக்டரைக் கூப்பிட்டால் அவருக்கு வேறு. இதில் டாக்டரின் கட்டணத்துக்கு மட்டும் அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிலையச் சட்டத்தின் கீழ் வரும் அட்டவணையில், 2013 திருத்தத்துக்குப் பிறகு நிபுணரைப் பார்க்க 80 முதல் 235 வெள்ளி. படுக்கை, சாமான், மருந்து, கருவி, பரிசோதனை எதற்கும் அப்படி வரம்பு கிடையாது. அதனால்தான் "டாக்டருக்கு நூறுதானே, பில் ஏன் ஆயிரம்?" என்று ஆட்கள் திகைத்து நிற்கிறார்கள். சில இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனி விலைப்பட்டியலே உண்டு.

கேட்டால் உத்தேசச் செலவைச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. நோயாளி பேசும் நிலையில் இருந்தால், ரத்தப் பரிசோதனைக்கோ ஸ்கேனுக்கோ தள்ளிக்கொண்டு போகுமுன், "இது இப்போதே அவசியமா, எவ்வளவு ஆகும், நாளைக்குக் கிளினிக்கில் எடுத்தால் போதுமா?" என்று தயங்காமல் கேட்கலாம். டாக்டர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தையும் அங்கேயே வாங்கக் கட்டாயமில்லை. மருந்துச் சீட்டு எழுதி வாங்கி வெளியே பார்மசியில் வாங்கலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கிலும் பார்மசியிலும் மருந்து விலையை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி வருபவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். காரணத்தைச் சொல்கிறேன். இங்கே பெரும்பாலான பாலிசி வார்டில் சேர்த்தால்தான் பணம் கொடுக்கும். அவசரப் பிரிவில் ஐந்து மணி நேரம் படுக்க வைத்து, சொட்டு ஏற்றி, ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பினால் அது வெளிநோயாளிக் கணக்கு. முழுப் பணமும் கையிலிருந்துதான். விபத்துக் காயத்துக்கு மட்டும் பல பாலிசிகள் வார்டில் சேராவிட்டாலும் பணம் கொடுக்கும், ஆனால் 24 மணி நேரத்துக்குள் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் துணியால் சுற்றிக்கொண்டு தூங்கியவனுக்கு அந்தப் பணமும் போகும்.

வார்டில் சேர்ந்தாலும், இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஜி.எல். என்று சொல்லும் உத்தரவாதக் கடிதம் வர வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும், அதுவரை டெபாசிட் கேட்பார்கள். பாலிசி எடுத்து முதல் 30 நாள் நோய்க்குப் பணம் வராது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கல் மாதிரிச் சிலவற்றுக்கு 120 நாள். இதைக் கவனிக்காமல் வந்த முதல் மாதத்திலேயே கார்டை நீட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது மருமகன் விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவனுக்கு இரண்டு பாதுகாப்பு இருக்க வேண்டும். ஒன்று பெர்கேசோ, தொழிலாளருக்கான அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, இங்கே பழக்கத்தில் சொக்சோ என்பார்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக்கு இது உண்டு. 2024 ஜூலையிலிருந்து உடல் செயலிழப்புக்கும் சேர்த்துவிட்டார்கள். அதற்காகச் சம்பளத்தில் 0.5 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 1.75 சதவீதம் கட்டுவார். ஆகவே முதல் சம்பளச் சீட்டிலேயே அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும். அவனுக்கென்று 12 இலக்கப் பெர்கேசோ எண்ணும் வாங்கித் தரச் சொல்ல வேண்டும். அடுப்படியில் கை வெந்தாலும், அறையிலிருந்து கடைக்கு நேர்வழியில் போகும்போது பைக்கில் விழுந்தாலும் இது உதவும். பெர்கேசோவின் பட்டியலில் உள்ள பேனல் கிளினிக்கிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ வைத்தியம் பார்த்தால் செலவைப் பெர்கேசோ ஏற்கும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி., அதாவது டாக்டரின் விடுப்புச் சான்று, கிடைத்தால் தினக்கூலியில் 80 சதவீதம் வரும்.

இது நின்றுபோவது எங்கே தெரியுமா? முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும். அடிபட்டவன் "சின்னக் காயம்தான்" என்று சொல்லாமல் இருந்துவிடுவான், அல்லது ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று பயத்தில் சொல்லிவிடுவான். டாக்டர் குறிப்பில் அப்படி ஏறிவிட்டால் பிறகு வேலை விபத்து என்று நிரூபிப்பது பெரும்பாடு. எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருக்கும்போது நடந்தது என்று உள்ளது உள்ளபடி சொல்லட்டும். காயத்தைப் போட்டோ எடுத்து, கூட நின்றவரின் பெயரையும் குறித்துக்கொள்ளட்டும். சாலை விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட்டும் வேண்டும்.

இரண்டாவது ஸ்பிக்பா, வெளிநாட்டுத் தொழிலாளர் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கும் அறுவைக்கும் இது. ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை, அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுக்கு மட்டும். தனியாருக்குப் போனால் இதை நம்பி இருக்க முடியாது. பாலிசி எண்ணை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் போனில் போட்டோ வைத்துக்கொள்ளட்டும். ஆள் மயங்கிக் கிடக்கும்போது முதலாளியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அம்மாவுக்கு இந்த இரண்டும் கிடையாது. டிக்கெட் போடும்போதே அங்கே பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள், ஆனால் விலை குறைந்ததை எடுக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பலவற்றில் அது விலக்கு, சிலவற்றில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உண்டு. சர்க்கரையை மறைத்து எழுதவே கூடாது, இங்கே சேர்க்கும்போது "எத்தனை வருடமாக மாத்திரை?" என்று கேட்டுக் குறிப்பில் எழுதுவார்கள், அதை வைத்தே கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு யார் எப்போது போன் செய்வது என்பதையும் பேசி முடிவு செய்வோம். முன்பே தகவல் சொல்லாவிட்டால் நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டிவரும். அப்படிக் கேட்க அசல் பில், ரசீது, டிஸ்சார்ஜ் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், பாஸ்போர்ட் நகல், போர்டிங் பாஸ் எல்லாம் தேவை. டாக்டரின் மெடிக்கல் ரிப்போர்ட்டுக்குத் தனிக் கட்டணம், கைக்கு வர நாளாகும். ஊருக்குத் திரும்பிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம், கிளம்பும் முன்பே மனு கொடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பெரிய பில் வந்துவிட்டால், மொத்தத் தொகை மட்டும் உள்ள தாளை வாங்கிக்கொண்டு பணம் கட்டக் கூடாது. வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள், அது நோயாளியின் உரிமை. ஒரே பரிசோதனை இரண்டு தடவை ஏறியிருக்கும். டாக்டர் எழுதிப் பிறகு வேண்டாம் என்ற மருந்து நீக்கப்படாமல் இருக்கும். படுக்கை நேரம் கூடுதலாக இருக்கும். இவை பெரும்பாலும் கணினியில் மாற்றாமல் விட்டுப்போனவை, பொறுமையாகச் சுட்டிக்காட்டினால் எடுத்துவிடுவார்கள். பணம் பற்றாவிட்டால் டிஸ்சார்ஜுக்கு முன்பே கடன் பிரிவில் பேசித் தவணை கேட்க வேண்டும். வெளியே வந்த பிறகு அந்த இரக்கம் குறைந்துவிடும். பாஸ்போர்ட்டை அடமானமாக எங்கும் விடக் கூடாது, நகல் கொடுங்கள். பில்லில் நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் ஆஸ்பத்திரியின் புகார்ப் பிரிவு, சட்டப்படி அது இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு.

காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே டெங்கு அதிகம். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் கிளினிக்கில் ரத்தம் பார்க்கட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி வந்தால் நேரே அவசரப் பிரிவு. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று அறையில் படுத்திருந்து, நிலைமை முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் உயிருக்கும் ஆபத்து, பில்லும் எங்கேயோ போய்விடும்.

அம்மாவின் மாத்திரைப் பெயர்களை, வணிகப் பெயரில் இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில், அளவோடு அங்குள்ள டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மருமகனின் வேலை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் நானும் இவரும் ஒருமுறை படித்துவிடுகிறோம்.

அன்புத் தங்கை,
பினாங்கு