தம்பிட கோர்ஸ் விசயமா

மச்சான்,

உன்ட மெசேஜ் கிடைச்சது, பதில் போடத்தான் நேரமில்ல, மாசக் கடைசி எண்டா ஓபிஸ்ல தலை தூக்க ஏலாது. வீட்ட எல்லாரும் சுகம், அம்மாட முழங்கால் நோ மட்டும் அப்பிடியே இருக்கு. மட்டக்களப்புல மழை விட்டுட்டுதா?

சரி, தம்பிட கதைக்கு வாறன். வேலை போய் வீட்ட இருக்கிறவன ஏதாவது கோர்ஸ்ல போட்டா சரிவருமா எண்டு கேட்டிருந்தாய். வரும்டா, ஆனா உன்ட அவசரத்துக்கு வராது. உலக வங்கி ஆள் டேவிட் மெக்கென்சி 2017ல பல நாட்டு ஆய்வுகள ஒண்டாப் போட்டுப் பாத்தவர், நூறு பேருக்குத் தொழிற்பயிற்சி குடுத்தா அதாலயே வேலை கிடைச்சதெண்டு சொல்லக்கூடிய ஆக்கள் ரெண்டு பேர் மட்டிலதானாம், மிச்சப் பேர்ல கொஞ்சப் பேர் கோர்ஸ் இல்லாட்டியும் வேலை எடுத்திருப்பாங்க, கொஞ்சப் பேருக்கு கோர்ஸ் செய்தும் இல்ல. வாசிச்சதும் எனக்கு சப்பெண்டு போச்சு. கோர்ஸ் நடக்கிற காலத்துல ஆக்கள் வேலை தேடுறதையும் விட்டுடுறாங்க, அதால பலன் தெரிய ரெண்டு மூண்டு வருசம் போகுமாம். ஆனா கொலம்பியால மூண்டு மாசம் வகுப்பு, மூண்டு மாசம் கொம்பனிக்குள்ள வேலை எண்டு ஒரு திட்டம் நடத்தினவங்க, அதுல பொம்பிளப் பிள்ளைகள்ட சம்பளம் கிட்டத்தட்ட 20 வீதம் கூடியிருக்கு. அந்தக் கொம்பனிக்குள்ள நிக்கிற மூண்டு மாசத்துலதான் விசயம் இருக்கெண்டு நான் நினைக்கிறன்.

கொட்டாஞ்சேனைல எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன் ஏசி கோர்ஸ் செய்தவன், வகுப்புல கண்டதெல்லாம் போர்ட்ல கீறின படம்தான். பிறகு ட்ரெய்னிங்குக்கு ஒரு சின்னக் கடைக்கு அனுப்பினாங்க, முதல்ல பில்டர் கழுவுறதும் ஏணி பிடிக்கிறதும்தான் வேலை, அழாத குறையா வந்து சொல்லுவான். கொஞ்ச நாள் போக பாஸ் கேஜக் கையில குடுத்து காஸ் அடிக்க விட்டார். இப்ப அங்கயே வேலை, பாஸுக்குப் போக ஏலாத வீடுகளுக்கு இவன் தனியப் போறான், கஸ்டமர்மார் நேரா இவனுக்கே கோல் எடுக்கிறாங்க. இவனோட படிச்ச இன்னொருத்தன் சேர்ட்டிபிகேட்ட லெமினேட் பண்ணி வச்சிட்டு த்ரீவீல் ஓடுறான்.

அதால கோர்ஸ்ட பேரப் பாக்காத, ட்ரெய்னிங்குக்கு எங்க அனுப்புவாங்க, போன பேட்ச் ஆக்கள் இப்ப எங்க நிக்கிறாங்க எண்டு கேள், மழுப்பினா விட்டுடு. நைட்டா (NAITA) எண்ட அரசாங்கப் பயிற்சி நிறுவனத்தால கொம்பனிக்குள்ளயே வேலை பழகுற முறையும் இருக்கு, விசாரிச்சுப் பார். கொழும்புக்கு அனுப்புறதெண்டா எந்த மொழில பாடம் எண்டு முதல்லயே கேட்டுக்கொள், தம்பிட சிங்களம் உனக்குத் தெரியும்தானே.

இன்னொண்டு, அவன் மாமாவோட வயரிங் வேலைக்கு வருசக்கணக்காப் போனவனெல்லோ? அப்ப முதல்ல இருந்து கோர்ஸ் என்னத்துக்கு? ஆர்பிஎல் எண்டு ஒரு வழி இருக்கு, செய்த வேலைக்கு ஆதாரம் குடுத்து, அசெசருக்கு முன்னால செய்து காட்டினா என்விகியூ (NVQ) எண்ட அரசாங்கத் தொழில் சேர்ட்டிபிகேட் எடுக்கலாம். மாமாட்ட ஒரு கடிதம் வாங்கு, வயரிங் செய்த வீடுகள்ட போட்டோ இருந்தா அதையும் வாட்ஸ்அப்ல போடு, இங்க தெரிஞ்ச ஒராளிட்ட காட்டிக் கேட்டுப் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அனுப்புடா, பிறகு அவர் ஊருக்குப் போயிடுவார்.